மெல்தெமிக் காற்றில் நங்கூர இடம் மாற்றுவது: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கிரேக்கத்தின் சிக்ளடீஸ் தீவுகளுக்கிடையே பாய்மரப் படகில் சுற்றுகிறவர்களுக்கு மெல்தெமி என்ற வடக்குக் காற்றோடுதான் குடித்தனம். பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கிக்கு மேல் தாழ்வழுத்தம், இரண்டுக்கும் நடுவே ஏஜியன் கடல் நெடுக காற்று தெற்கு நோக்கிப் பாயும். மேகம் கூடி எச்சரிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வானம் பளிச்சென்று இருக்கும், பாரோமீட்டர் பெரிதாக எதுவும் காட்டாது, மதியத்துக்குள் காற்றின் பலத்தை அளக்கும் பியூஃபோர்ட் அளவில் 6 வந்துவிடும். அதாவது 22 முதல் 27 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). சில நாட்களில் 7, 8 கூடப் போகும். இரண்டு மூன்று நாளில் அடங்கலாம், ஒரு வாரம் இழுத்தாலும் ஆச்சரியமில்லை.

இந்தக் குறிப்பு 35 முதல் 45 அடி வரையுள்ள படகை வாடகைக்கு எடுத்தோ சொந்தமாகவோ ஓட்டுகிறவர்களுக்கானது. ஏற்கெனவே ஓரிடத்தில் நங்கூரம் போட்டிருக்கிறீர்கள், காற்று ஏறுகிறது, ஏதோ சரியில்லை. அந்த ‘ஏதோ’ என்ன என்று கண்டுபிடித்த பிறகுதான் இடம் மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.

காரணம் இதுதான். பழுது இடத்தில் இருக்கலாம், அல்லது நாம் நங்கூரம் போட்ட விதத்தில் இருக்கலாம். சங்கிலி போதவில்லை, நங்கூரம் மண்ணில் சரியாகப் புதையவில்லை என்றால், அடுத்த விரிகுடாவுக்குப் போனாலும் அதே கோளாறு கூடவே வரும். நடுவில் ஒரு மோசமான பயணம் வேறு. இடமே தப்பு என்றால் கையில் இருக்கும் சங்கிலி முழுவதையும் விட்டாலும் ராத்திரி தூக்கம் இருக்காது. கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் இதைத்தான் பிரித்துப் பார்க்கிறோம்.

படகு இடமும் வலமுமாக ஓடுகிறது, ஒவ்வொரு முனையிலும் வெட்டி இழுக்கிறது

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் இது இடத்தின் கோளாறு இல்லை. இன்றைய படகுகளுக்கு அணியம் (முன்முனை) உயரமாகவும் நீருக்கடியிலுள்ள கீல் (அடித்துடுப்பு) குறுகலாகவும் இருக்கும். சுருட்டிய முன்பாயும் சேர்ந்து காற்றை வாங்கிக்கொள்ளும். அணியம் ஒரு பக்கம் தள்ளப்படும், சங்கிலி இறுகும், படகு வெடுக்கென்று திரும்பி மறுபக்கம் ஓடும்.

சங்கிலியிலிருந்து அணியத்துக்கு நைலான் கயிறு, அதாவது ஸ்னப்பர், போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டும் நேராக விண்ட்லாஸில்தான் விழுகிறது. விண்ட்லாஸ் சங்கிலியைத் தூக்குவதற்கான கருவி, படகைப் பிடித்து நிறுத்துவதற்கானது இல்லை. 12 அல்லது 14 மி.மீ நைலான் கயிறு, 5 மீட்டருக்குக் குறையாமல்; 8, 10 மீட்டர் என்றால் இன்னும் நல்லது. ஒரு முனையில் சங்கிலிக் கொக்கி, மறுமுனை அணியத்துக் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு). கொக்கியை மாட்டிய பிறகு, பாரம் முழுவதும் கயிற்றுக்கு மாறி சங்கிலி தொங்கலாக நிற்கும் வரை இன்னும் கொஞ்சம் சங்கிலி விடுங்கள். நீளாத பாலியெஸ்டர் கயிற்றைப் போட்டால் பலன் பாதிகூட இருக்காது. கயிறு உரசும் இடத்தில் பழைய தோட்டக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள்.

அப்படியும் ஓட்டம் அடங்கவில்லை என்றால், அடி மணலாக இருந்தால் மட்டும், இரண்டாவது சிறு நங்கூரத்தை அணியத்திலிருந்து நேர்க்கீழே இறக்கி, தரையில் இழுபடும் அளவுக்கு மட்டும் கயிறு கொடுத்துப் பாருங்கள். அது படகைப் பிடிக்காது, ஓட்டத்தை மட்டும் மந்தமாக்கும். காற்று அடிக்கடி திசை மாறும் ஊரில் இதைச் செய்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும். மெல்தெமி பிடிவாதமாக ஒரே பக்கமிருந்து அடிக்கிறது என்பதால் இங்கே ஓரளவு எடுபடும்.

படகு மெல்லப் பின்னால் போகிறது

நங்கூரம் இழுபடுகிறதா, வெறும் ஆட்டம்தானா என்பதைப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு, மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரையில், படகுக்குப் பக்கவாட்டுத் திசையில், ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வீட்டு மூலையும் அதன் பின்னால் ஒரு பாறையும் போதும். ஆட்டத்தில் அந்தக் கோடு விலகும், திரும்பச் சேரும். இழுபட்டால் விலகிக்கொண்டே போகும். அடுத்து, அணியத்துக்குப் போய்ச் சங்கிலியில் கையை வையுங்கள். தரையில் நங்கூரம் உரசிக்கொண்டு வந்தால் கடகடவென்ற அதிர்வு கைக்குத் தெரியும். மூன்றாவது, படகு நிற்கும் கோலம். பிடிப்பு இருக்கும்வரை அணியம் மறுபடி மறுபடி காற்றை நோக்கி இழுக்கப்படும். பிடிப்பு போய்விட்டால் படகு காற்றுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டு பின்வாங்கும்.

இழுபடுகிறது என்று தெரிந்தால் முதல் வேலை எஞ்சினை ஓடவிடுவது. பிறகு பின்னால் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சங்கிலியை நீட்டுங்கள். கணக்கில் எல்லோரும் மறப்பது அணியத்தின் உயரத்தை. ஆழம் 5 மீட்டர், அணியம் நீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் கணக்கு 6-இலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து மடங்கு என்றால் 30 மீட்டர், ஏழு மடங்கு என்றால் 42 மீட்டர். மெல்தெமி 6-ஐத் தாண்டினால் ஏழுக்குக் கீழே எனக்கு நிம்மதி கிடையாது. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். 15 நாட்டில் அசையாமல் நின்ற நங்கூரத்தின் மேல் 30 நாட்டில் நான்கு மடங்கு பாரம் விழுகிறது. நேற்று மாலை பிடித்தது என்பது இன்று மதியத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பின்னால் பாறையோ இன்னொரு படகோ இருந்தால் சங்கிலி நீட்டிச் சோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. எஞ்சினை மெல்ல முன்னோக்கி ஓட்டிப் பாரத்தைக் குறைத்து, நங்கூரத்தைத் தூக்கி மறுபடி போட வேண்டியதுதான். இதுவரை இடத்தின் மேல் குற்றமில்லை. அதே இடத்தில் நல்ல மணல் திட்டு பார்த்துப் போட்டும் இழுபட்டால் அடித்தரை சரியில்லை. அப்போதுதான் இடம் மாற்றும் பேச்சு.

காற்று அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் படகு உருண்டுகொண்டே இருக்கிறது

இது இடத்தின் கோளாறு, அனேகமாகச் சந்தேகமே இல்லாமல். வடக்கே வெகுதூரம் ஓடிவந்த அலை தீவின் முனையைச் சுற்றி வளைந்து, காற்று மறைவில் இருக்கும் விரிகுடாவுக்குள்ளும் நுழைகிறது. காற்று ஒரு பக்கம், அலை ஒரு பக்கம். படகு காற்றைப் பார்த்து நிற்கும், அலை விலாவில் மோதும். அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் ராத்திரி முழுக்க மோதிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குப் புரியும்.

காற்று 15 நாட்டுக்குள் இருந்தால் ஒட்டுவேலை ஒன்று உண்டு. பின்பக்கத்து வின்ச்சிலிருந்து (கயிற்றை இழுக்கும் உருளை) நீளமான கயிறு ஒன்றைப் படகுக்கு வெளியே கொண்டுபோய், சங்கிலியில் ரோலிங் ஹிட்ச் முடிச்சுப் போட்டுக் கட்டி, இன்னும் கொஞ்சம் சங்கிலி விடுங்கள். பின் கயிற்றை வின்ச்சில் இழுக்க இழுக்க அணியம் அலையை நோக்கித் திரும்பும். உருளல் போய் மேலும் கீழுமான ஆட்டம் மட்டும் மிஞ்சும், அதைத் தாங்கலாம். ஆனால் இதில் காற்று பக்கவாட்டில் படுவதால் நங்கூரத்தின் பாரம் கூடுகிறது. காற்று ஏறும் நாளில் இதைக் கட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு, அலை இரண்டு முறை திரும்பினால்தான் உள்ளே வர முடியும் என்ற மாதிரி இடம். சிஃப்னோஸ் தீவின் வதி நல்ல உதாரணம். வாய் குறுகல், உள்ளே கிட்டத்தட்ட மூடிய விரிகுடா. ஆன்டிபாரோஸுக்கும் டெஸ்போடிகோவுக்கும் நடுவிலுள்ள நீர்ப்பரப்பும் அப்படித்தான். சில சமயம் இடம் மாற்றம் என்றால் தீவு மாறுவதுகூட இல்லை. பாரோஸின் வடக்கே நௌசா விரிகுடா பெரியது, வாய் வடக்கே திறந்தது. ஊருக்கு முன்னால் நங்கூரம் போட்டால் மெல்தெமி அலை நேராக வரும். அதே விரிகுடாவின் மேற்குக் கரையில், வடமேற்கு மூலைக்கு, அய் யானிஸ் மடாலயம் நிற்கும் முனையின் மறைவுக்குப் போய்விட்டால் தண்ணீர் அமைதியாகிவிடும். ஊர்த்துறைச் சாப்பாட்டுக் கடைகளின் ஈர்ப்பை விட மனசு வராமல் ஆட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும் படகுகள் ஒவ்வொரு கோடையும் உண்டு.

தண்ணீர் தட்டையாக இருக்கிறது, காற்று மட்டும் அறைகிறது

மேப்பைப் பார்த்து ‘வடக்குக் காற்றா, தீவின் தெற்குப் பக்கம் ஒதுங்குவோம், உயரமான மலையாக இருந்தால் இன்னும் நல்ல மறைவு’ என்று கணக்குப் போடுவது இயல்பு. மெல்தெமியில் இந்தக் கணக்கின் இரண்டாம் பாதி தப்பு. காற்று மலை முகட்டில் ஏறி, மறுபக்கச் சரிவில் வேகமெடுத்து விழுகிறது. வெளிக்கடலில் 25 நாட் இருக்கும்போது மலையடியில் அதைவிடப் பலமான அறைகள் விழும், நடுநடுவே சுத்தமாக ஓய்ந்துபோகும். படகு ஓய்வில் ஒரு பக்கம் திரும்பியிருக்கும், அடுத்த அறை வேறு பக்கத்திலிருந்து வரும். நங்கூரத்தைக் கிளப்பிவிட இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அமோர்கோஸின் தெற்குக் கரை இதற்குப் பேர்போனது. செரிஃபோஸின் லிவாடி வசதியான விரிகுடா, ஆனால் பலத்த மெல்தெமியில் அங்கும் அறை விழும். நக்ஸோஸின் ஸாஸ் மலை 1000 மீட்டரைத் தொடுகிறது, அதன் கீழே ஒதுங்கி அமைதி தேடுவதில் அர்த்தமில்லை.

இதற்கு அறிகுறி தண்ணீரில் தெரியும்: அலை இல்லாமல், வெள்ளைக் கோடுகள் விசிறியாக விரிந்து ஓடும். பார்த்தால் மலையிலிருந்து விலகித் தாழ்வான நிலத்தின் மறைவுக்குப் போங்கள். தாழ்ந்த நிலத்தைத் தாண்டிக் காற்று தாராளமாக வரும். வரட்டும். ஒரே வேகத்தில், ஒரே திசையில் 25 நாட் அடித்து, அலை இல்லாமல் இருந்தால், நல்ல மணலில் போட்ட நங்கூரம் நிதானமாகப் பிடித்து நிற்கும். தேட வேண்டியது காற்றில்லாத இடத்தை இல்லை, அலையில்லாத இடத்தை. சிக்ளடீஸில் நங்கூர இடம் தேர்வதில் எனக்கு இதைவிட முக்கியமான விஷயம் தெரியாது. மைக்கோனோஸ் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் ஆளரவமில்லாத ரினியா தீவின் தெற்கு விரிகுடாவுக்கு ஓடுவது இதனால்தான். பக்கத்து டெலோஸ் தொல்லியல் தலம், ராத்திரி அங்கே தங்க அனுமதி கிடையாது.

வானிலை ஆப் 18 நாட் சொன்னது, பாய்மர உச்சியிலுள்ள காற்றுமானி 28 காட்டுகிறது

கருவி பழுது இல்லை. ஆப்கள் காட்டும் ஜி.எஃப்.எஸ் போன்ற உலக வானிலைக் கணினி மாதிரிகளின் கட்டம் ஏறக்குறைய 25 கி.மீ அகலம். பாரோஸ் தீவின் நீளமே 20 கி.மீ சொச்சம். தீவு முழுவதும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிட்டால், பாரோஸுக்கும் நக்ஸோஸுக்கும் நடுவே காற்று நெருக்கி வேகமெடுப்பது அந்த மாதிரிக்கு எப்படித் தெரியும்? ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி 9 கி.மீ கட்டம், கொஞ்சம் பரவாயில்லை. கிரேக்கக் கடல் ஆய்வு மையத்தின் பொசைடன் முன்னறிவிப்பு ஏஜியனுக்கென்றே செய்தது, அலை உயரமும் சேர்த்துத் தரும். தீவுகளுக்கிடையே நான் முதலில் திறப்பது அதைத்தான். எதைப் பார்த்தாலும் தீவு இடைவெளிகளுக்கும் முனைகளுக்கும் பியூஃபோர்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதா, இருப்பதா

இடம் தப்பு என்று முடிவாகிவிட்டது. உடனே கிளம்ப வேண்டும் என்று அர்த்தமில்லை.

மெல்தெமி வழக்கமாக மதியத்துக்குமேல் உச்சம் தொடும், ராத்திரி தணியும், விடியலில் மிகவும் குறைவாக இருக்கும். பலத்த சுற்றில் ராத்திரியும் தணியாது என்பது உண்மை, ஆனாலும் விடிகாலைதான் கிடைப்பதில் நல்ல நேரம். ஆகஸ்டில் சூரியன் உதிப்பது ஆறரை வாக்கில். வெளிச்சம் வந்ததும் கிளம்பினால் காற்று ஏறுவதற்குள் பத்துப் பதினைந்து மைல் போய்விடலாம். போய்ச் சேரும்போது வெயில் மேலே ஏறியிருக்கும், அடியில் மணல் எது, புல் எது என்று கண்ணுக்குத் தெரியும். மதியத்துக்குமேல் போனால் நல்ல இடமெல்லாம் முன்னால் வந்தவர்கள் பிடித்திருப்பார்கள்.

எனவே சாயங்காலம் ஐந்து மணிக்கு, 30 நாட்டில், ‘இங்கே இருக்கவே முடியாது’ என்று கிளம்ப நினைத்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: நங்கூரம் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால், பின்னால் ஆபத்து எதுவும் இல்லையென்றால், சங்கிலியைக் கூட்டி விட்டு, இரண்டு மணிக்கொருவர் முறை வைத்துக் காவல் இருந்து, விடியலில் கிளம்புங்கள். தூக்கம் கெடும், அவ்வளவுதான். இருட்டில் தெரியாத விரிகுடாவுக்குள் பலத்த காற்றோடு நுழைவதைவிட இது எவ்வளவோ தேவலை. இழுபட்டுக்கொண்டே இருக்கிறது, பின்னால் பாறை என்றால் மட்டும் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள்.

போகும் இடத்தைத் தேர்கையில் காற்றோடு போகும் திசையில் ஒன்றாவது மாற்று இருக்கட்டும். முதல் தேர்வு நிரம்பியிருந்தால் எதிர்காற்றில் திரும்பி வரும் நிலை வரக் கூடாது. இரண்டாவது இடத்தின் பெயரை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன்: சிறு ரப்பர் படகைத் தூக்கிக் கட்டுங்கள், இழுத்துக்கொண்டு போனால் இந்தக் காற்றில் கவிழும். மேல்தளக் கதவுகளை மூடுங்கள். பெரிய பாயை இரண்டு ரீஃப் (இரண்டு மடிப்பு) சுருக்கித் தயாராக வையுங்கள், பிறகு சுருக்கலாம் என்பது நடக்காது. எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, புகைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எட்டிப் பாருங்கள். உயிர்காப்பு உடுப்பு எல்லோருக்கும். அணியத்தில் நிற்பவருக்கும் சுக்கான் பிடிப்பவருக்கும் கை சைகைகள் பேசி வைத்திருக்க வேண்டும். காற்றில் கத்தினால் கேட்காது, கத்திக் கத்தி மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

நங்கூரம் மேலே வர மறுக்கிறது

விண்ட்லாஸ் முனகுகிறது, சங்கிலி நாணாக இறுகியிருக்கிறது. முதலில் பட்டனிலிருந்து விரலை எடுங்கள். படகின் எடையையும் காற்றின் தள்ளலையும் விண்ட்லாஸ் இழுக்கக் கூடாது. எஞ்சின் படகை முன்னே கொண்டுபோக வேண்டும், விண்ட்லாஸ் தொய்ந்த சங்கிலியை மட்டும் எடுக்க வேண்டும். அணியத்தில் நிற்பவர் சங்கிலி போகும் திசையைக் கையால் காட்டட்டும், சுக்கான் பிடிப்பவர் அந்தப் பக்கம் மெல்லப் போகட்டும். காற்று அணியத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டால் சண்டை போடாதீர்கள். நிறுத்துங்கள், படகு தானாகப் பின்போய் நேராகும், மறுபடி தொடங்குங்கள்.

சங்கிலி செங்குத்தாக வந்தும் கிளம்பவில்லை என்றால் நங்கூரம் ஆழப் புதைந்திருக்கிறது, நல்ல சேதி. சங்கிலியைக் கொக்கியில் பூட்டிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். அலையில் அணியம் எழும்போது தானே பிடுங்கிக்கொள்ளும். இல்லையென்றால் மெல்ல முன்னே ஓட்டி எதிர்த்திசையில் இழுத்துப் பாருங்கள்.

பாதி வந்து நின்று, கூடவே பெரிய பாரம் ஏறுகிறது என்றால் பக்கத்துப் படகின் சங்கிலி மாட்டியிருக்கிறது. ஆகஸ்டில் இது சாதாரணம். முடிந்தவரை மேலே கொண்டுவந்து, ஒரு கயிற்றை அந்த வேற்றுச் சங்கிலிக்கு அடியில் விட்டு இரண்டு முனைகளையும் அணியத்தில் கட்டுங்கள். இப்போது உங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் அது விடுபட்டுவிடும். பிறகு நங்கூரத்தை ஒதுக்கிக்கொண்டு கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தால் மற்றவர் சங்கிலி கீழே போய்விடும். சங்கிலிக்கிடையில் விரலைக் கொண்டுபோகவே கூடாது. 10 மி.மீ சங்கிலி மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல், காத்துக்கொண்டிருக்காது.

விண்ட்லாஸ் செத்துவிட்டது

பத்தில் ஒன்பது தடவை மின்சார பிரேக்கர்தான் விழுந்திருக்கும். 1000 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால்தான் எஞ்சின் ஓடும்போது மட்டும் இயக்கச் சொல்வது. பிரேக்கர் எங்கே என்று படகை வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஏதாவது படுக்கைக்கு அடியில் ஒளிந்திருக்கும், காற்று நாளில் தேடினால் கிடைக்காது. தட்டியும் வரவில்லையென்றால், சங்கிலிக் கொக்கியில் கயிறு கட்டி, பின்பக்கத்துப் பாய் வின்ச்சில் சுற்றி, துண்டு துண்டாக இழுக்கலாம். மெதுவான வேலை, ஆனால் முடியும்.

பின்னால் பாறை நெருங்குகிறது, அதற்கும் நேரமில்லையா? சங்கிலியை விட்டுவிடுங்கள். கடைசி முனையில் ஒரு ஃபெண்டரை (படகு உரசாமலிருக்கத் தொங்கவிடும் காற்றடைத்த உருளை) மிதவையாகக் கட்டி, ஜி.பி.எஸ்ஸில் இடத்தைக் குறித்து, முழுவதையும் ஓடவிட்டு, உள்முனையைக் கட்டியுள்ள கயிற்றை அறுங்கள். அங்கே கயிறு இல்லாமல் ஷாக்கிள் (இரும்பு வளையம்) திருகியிருந்தால் கத்தி என்ன செய்யும்? பயணம் தொடங்கும் முன்பே நங்கூர அறையைத் திறந்து பார்த்துவிடுங்கள். விட்ட நங்கூரத்தைக் காற்று அடங்கியதும் வந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது நங்கூரம் ஒன்று கயிற்றோடு தயாராக இல்லாமல் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

எதிர்காற்றில் படகு நகரவே மாட்டேன் என்கிறது

ஏஜியன் அலை உயரத்தில் பெரிதில்லை. நெருக்கமானது, செங்குத்தானது. ஒன்றில் ஏறி வேகம் பிடிப்பதற்குள் அடுத்தது மூக்கில் மோதும். 40 குதிரைசக்தி எஞ்சின் உள்ள 40 அடிப் படகு 25 நாட் எதிர்காற்றில் இரண்டு, மூன்று நாட்டுக்கு மேல் போவது கஷ்டம். பத்து மைல் என்றால் நாலு மணி நேரம். அதற்குள் மதியம் வந்துவிடும்.

சுருக்கிய பெரிய பாயை ஏற்றி, எஞ்சினையும் ஓடவிட்டு, காற்றுக்கு நேராகப் போகாமல் 30 டிகிரி சாய்வாக வளைந்து வளைந்து போங்கள். தூரம் கூடினாலும் நேரம் குறையும், பாய் பிடித்திருப்பதால் உருளலும் குறையும். படகு ரொம்பச் சாய்ந்தால் எஞ்சினுக்கு எண்ணெய் போவதும் குளிர்நீர் உறிஞ்சுவதும் தடைபடும், பாயைத் தளர்த்துங்கள். ஒரு மணி நேரத்தில் எதிர்பார்த்த தூரத்தில் பாதிகூட வரவில்லை என்றால் திட்டத்தை விடுங்கள், காற்றோடு திரும்பி இரண்டாவது இடத்துக்குப் போங்கள். இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை.

எஞ்சின் திணறுகிறது

ஆர்.பி.எம் ஏறி இறங்கி, கடைசியில் அணைந்தால் டீசல் வரத்து அடைபடுகிறது. அமைதிக் கடலில் டாங்க் அடியில் படிந்து கிடந்த கசடு குலுங்கலில் கலங்கி ஃபில்டரை அடைத்துவிட்டது. காற்று நாளில்தான் எஞ்சின் கைவிடும் என்று மாலுமிகள் புலம்புவதில் மர்மம் ஏதுமில்லை, இதுதான் காரணம். சூடு எச்சரிக்கை அடித்தால் கடல்நீர் வடிகட்டியில் கடற்புல்லோ பிளாஸ்டிக் பையோ சிக்கியிருக்கும், அல்லது பம்ப் ரப்பர் சிதைந்திருக்கும்.

எதுவானாலும் முதலில் இடுக்கில் தலைவிட்டு ரிப்பேர் பார்க்கப் போகாதீர்கள். முன்பாயைக் கொஞ்சம் திறந்து படகைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். கரையிலிருந்து விலகுங்கள். ஆழம் குறைவான இடமானால் நங்கூரம் போடத் தயாராகுங்கள். படகு பத்திரம் என்றான பிறகு ஒருவர் கீழே போய் ஃபில்டரை மாற்றட்டும். எதுவும் முடியாமல் கரையை நோக்கித் தள்ளப்பட்டால் வி.எச்.எஃப் ரேடியோவில் சேனல் 16-இல் கூப்பிடுங்கள். கிரேக்கக் கடலோரக் காவலின் தொலைபேசி எண் 108. தயங்கிக்கொண்டிருந்துவிட்டுப் பாறைக்குப் பக்கத்தில் போய்க் கூப்பிட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

புதிய இடத்தில் நங்கூரம் பிடிக்கவில்லை

அவசரப்பட்டுப் போட்டதுதான் பொதுவான காரணம். களைப்பு, காற்று, எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சம், அப்புறம் ‘போதும், நிற்கிறது’ என்று நம்பிக்கொள்வது.

உள்ளே வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இளநீலமாக, வெளிறித் தெரிவது மணல். கரும்பச்சைத் திட்டு பொசிடோனியா கடற்புல். புல்லில் ஏர்வடிவ நங்கூரம் மேலோட்டமாகச் சறுக்கும், ஒரு கத்தை புல்லைப் பிடுங்கிக்கொண்டு வரும், அதோடு பிடிப்பும் போச்சு. அந்தப் புல் மத்தியதரைக் கடலின் மீன்களுக்குத் தொட்டில், பாதுகாக்கப்பட்ட தாவரம், பிடுங்குவது நியாயமுமில்லை. வெளிறிய திட்டின் காற்று வரும் பக்க ஓரத்தில் போட்டால் புதைவதற்கு நீளம் கிடைக்கும்.

படகைக் காற்றுக்கு நேராக நிறுத்தி, முன்னேற்றம் அடங்கியதும் நங்கூரத்தைத் தரைக்கு இறக்குங்கள். சங்கிலியைக் குவியலாகக் கொட்டாமல் படகு பின்போகப் போக நீட்டுங்கள். மூன்று மடங்கு போனதும் லேசாகப் பிடித்து அணியம் காற்றுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள், பிறகு மீதியை விடுங்கள். ஸ்னப்பர் மாட்டி, எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல ஆரம்பித்து, படிப்படியாக 2000 ஆர்.பி.எம் வரை ஏற்றுங்கள். எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் இழுத்தால் புதைவதற்கு முன்பே கிளம்பிவிடும். கரையில் பார்த்த கோடு அசையாமல் அரை நிமிடம் நின்றால் பிடித்திருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு, முகமூடி போட்டுக்கொண்டு குதித்துப் பார்த்துவிடுவது எல்லாவற்றையும்விட நிச்சயம்.

கெட்டி மணலில் பழைய ஏர்வடிவ நங்கூரங்கள் உழுதுகொண்டே போகும். டெல்ட்டா பரவாயில்லை. ராக்னா, ஸ்பேட் போன்ற குழிந்த மண்வெட்டி வடிவங்கள் சட்டென்று புதையும். வாடகைப் படகில் தேர்வு நம் கையில் இல்லை, ஆகவே சங்கிலியும் பொறுமையும்தான். பக்கத்தில் கேடமரான் (இரட்டை உடல் படகு) நின்றால் கூடுதல் இடம் விடுங்கள். அவை ஒரு மாதிரி ஊசலாடும், நம் படகு வேறு மாதிரி.

அலாரம் விடாமல் அடிக்கிறது

படகு குறித்த வட்டத்தைத் தாண்டினால் ஒலிக்கும் நங்கூர அலாரத்தை, நங்கூரம் தரையைத் தொடும் நொடியில் அணியத்தில் நின்று ஆன் செய்ய வேண்டும். எல்லாம் முடிந்து காபி குடிக்கும்போது ஆன் செய்தால் வட்டத்தின் மையம் படகு நிற்கும் இடமாகிவிடும், படகு ஊசலாடும்போதெல்லாம் அலறும். தொல்லை பொறுக்காமல் அணைத்துவிடுவார்கள், அன்றைக்கென்று இழுபடும். 40 மீட்டர் சங்கிலி, 12 மீட்டர் படகு என்றால் ஆரம் 50 மீட்டர் சுமாருக்கு வையுங்கள். தாமதமாகிவிட்டதென்றால், ஆப்பில் மையத்தைக் காற்று வரும் திசையில் சங்கிலி நீளத்துக்குத் தள்ளி வைக்க வசதி இருக்கும். போனைச் சார்ஜில் போட்டு, ஒலியைக் கூட்டி, தலைமாட்டில் வையுங்கள்.